25 என்றால் எந்த 25? பொறியியல் தரநிலைகளுக்கு ஓர் அறிமுகம்

அரை இஞ்ச் இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர் வரும். இஞ்ச் கணக்கில் 0.84. சரி, உள்விட்டமாவது அரை இஞ்சா, அதாவது 12.7 மி.மீ. இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. சுவரின் கனத்தைப் பொறுத்து 14, 16 என்று ஏதோ ஒன்று வரும். குழாயின் எந்த மூலையிலும் அரை இஞ்சைக் காணோம். ஆனாலும் பிளம்பர் ‘அரை இஞ்ச்’ என்று கேட்டால் சரியான குழாய்தான் கைக்கு வரும். வேறு ஏதோ ஓர் ஆலையில் செய்த எல்போ, அதாவது வளைவு இணைப்பு, அதன் மரையில் சிக்காமல் ஏறும்.

ஒரு காலத்தில் அந்த அரை இஞ்ச் உண்மையான உள்விட்டமாகத்தான் இருந்தது. அப்போது குழாய்ச் சுவர்கள் தடிமனானவை. பிறகு நல்ல உலோகம் வந்து சுவர் மெலிந்தது. பழைய ஃபிட்டிங்குகள் பொருந்த வேண்டுமே என்று வெளிவிட்டத்தை யாரும் தொடவில்லை, துளைதான் பெரிதானது. அளவு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. அந்தப் பெயருக்கு வெளிவிட்டம் எவ்வளவு, சுவர் கனம் எவ்வளவு, மரை எப்படி, எத்தனை மி.மீ. கூடலாம் குறையலாம் என்றெல்லாம் எழுதிவைத்திருக்கும் ஆவணம்தான் தரநிலை.

கட்டுமானத் தளத்தில் யாரும் ‘தரநிலை’ என்று சொல்வதில்லை. ‘கோடு (code) என்ன சொல்லுது?’ என்றுதான் கேட்பார்கள். ‘தரநிலை’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘தரம்’ என்று தொடங்குவதால், அது உயர்தரத்துக்கான சான்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான தரநிலைகள் சொல்வது குறைந்தபட்சத்தை. இதற்குக் கீழே போகாதே என்ற எல்லையை. செய்பவர், வாங்குபவர், ஆய்வாளர், அரசு எனப் பல தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எல்லோரும் ஏற்கும் ஓர் இடத்தில் வந்து நின்றதன் எழுத்துவடிவம் அது. சில தரநிலைகள் அளவைச் சொல்லும், சில பொருளின் குணத்தைச் சொல்லும், சில வடிவமைக்கும் முறையைச் சொல்லும். வரைபடத்தில் எந்தக் கோடு எதைக் குறிக்கும் என்று மட்டும் சொல்பவையும் உண்டு. என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானவை, யாரும் அதிகம் பேசாத சோதனைமுறைத் தரநிலைகள். அங்கே போவதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

போல்ட்டும் நட்டும்

1841ல் ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றியபடி மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறை போல்ட் இன்னொரு பட்டறை நட்டில் ஏறாது. விட்வர்த் பல பட்டறைகளின் மாதிரிகளைத் திரட்டி, சராசரி பார்த்து, மரையின் கோணம் 55 டிகிரி, இன்ன விட்டத்துக்கு இஞ்சுக்கு இத்தனை மரை என்று ஓர் அட்டவணை போட்டார். 1864ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் இன்னொன்று போட்டார். 60 டிகிரி, மரையின் உச்சி தட்டை. சாதாரணத் தொழிலாளியும் எளிதாக வெட்டலாம் என்பது அவர் வாதம்.

இரண்டும் நல்ல தரநிலைகள்தான். ஆனால் இரண்டு. அரை இஞ்ச் போல்ட்டில் பிரிட்டிஷ் மரை இஞ்சுக்கு 12, அமெரிக்க மரை 13. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகி நின்றுவிடும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் தயாரித்தபோது, பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்து 1948ல்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன.

இதைவிட விலை கொடுத்த பாடம் அமெரிக்காவின் பால்டிமோரில். 1904 பிப்ரவரி 7ஆம் தேதி அந்த நகரின் மையத்தில் தீ பிடித்தது. வாஷிங்டனிலிருந்து தீயணைப்பு வண்டிகள் சில மணி நேரத்திலேயே ரயிலில் வந்து இறங்கிவிட்டன. பிற ஊர்களிலிருந்தும் வந்தார்கள். ஆள் இருந்தது, வண்டி இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் வந்தவர்களின் ஹோஸ் இணைப்புகள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்களில் பொருந்தவில்லை. 30 மணி நேரத்துக்கு மேல் எரிந்து 1,500க்கும் அதிகமான கட்டடங்கள் போயின. ஹோஸ் இணைப்புக்கு நாடு முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகுதான் சூடுபிடித்தது.

தேசிய அளவில் தரநிலை போடுவதற்கென்றே ஓர் அமைப்பு முதலில் அமைந்தது பிரிட்டனில், 1901ல். அவர்கள் கைவைத்த முதல் வேலைகளில் ஒன்று டிராம் தண்டவாளம். 75 வகை அளவுகள் புழக்கத்தில் இருந்தன, ஐந்தாகக் குறைத்தார்கள். ஆலைக்காரர் 75 உருளை வைத்திருக்கத் தேவையில்லை, வாங்குபவர் தன் தண்டவாளம் எப்போது உருட்டப்படும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஜெர்மனி 1917லும் அமெரிக்கா 1918லும் பிரான்ஸ் 1926லும் இந்தியா 1947லும் தங்களுக்கென அமைப்புகளை உருவாக்கிக்கொண்டன.

ஒரு கியூபின் 28 நாள்

இப்போது சோதனைமுறைக்கு வருவோம். எம்25 கான்கிரீட் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 25 என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் வலிமை. கேட்க எளிது. ஆனால் கான்கிரீட்டுக்கு ‘வலிமை’ என்று ஒன்று தனியாகக் கிடையாது. எப்படி அளக்கிறீர்களோ அதற்கேற்ற வலிமைதான் இருக்கிறது. நம்பவில்லையென்றால் கூடவே வாருங்கள்.

கலவையிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, எண்ணெய் தடவிய இரும்பு அச்சில் போடுகிறார்கள். உள்ளளவு எல்லாப் பக்கமும் 150 மி.மீ. ஒரேயடியாக நிரப்பிவிடக் கூடாது, மூன்று அடுக்கு. இந்தியத் தரநிலை நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறைப்படி ஒவ்வோர் அடுக்கையும் 16 மி.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் கொண்ட கம்பியால் 35 முறை குத்த வேண்டும். கம்பியின் முனை தோட்டாபோல் கூம்பியிருக்க வேண்டும். குத்துவது குறைந்தால் உள்ளே காற்று தங்கும், வலிமை குறைவாகக் காட்டும். மறுநாள் அச்சைக் கழற்றி, கியூபை, அதாவது அந்தக் கனசதுரக் கட்டியை, தண்ணீரில் போடுகிறார்கள். தண்ணீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ், இரண்டு டிகிரி கூடலாம் குறையலாம்.

28ஆம் நாள் எடுத்து, ஈரம் காயும் முன்பே இயந்திரத்தில் வைக்க வேண்டும். காயவிட்டால் எண் ஏறிவிடும். இன்னொரு விஷயம், கரண்டியால் இழுத்துச் சமன்செய்த மேல்பக்கம் இருக்கிறதே, அது இயந்திரத்தின் தட்டில் படக் கூடாது. அது என்னதான் இழுத்தாலும் முழுச் சமதளமாக வராது. ஆகவே கியூபைப் பக்கவாட்டில் புரட்டி, அச்சின் இரும்பைத் தொட்டிருந்த வழவழப்பான இரண்டு பக்கங்களை மேலும் கீழும் வைக்கிறார்கள். பிறகு சுமை. சட்டென்று ஏற்றக் கூடாது. நிமிடத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ என்ற வேகத்தில் சீராக ஏற வேண்டும். வேகமாக ஏற்றினால் அதே கியூப் அதிக வலிமை காட்டும். கணக்கிட்டுப் பார்த்தால் எம்25க்கு 562.5 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 57 டன் அந்தச் சின்னக் கட்டியின் தலையில்.

ஆக, குத்தும் எண்ணிக்கை, தண்ணீரின் வெப்பம், ஈரம், பக்கம், வேகம் என எதை மாற்றினாலும் 25 மாறும். இவ்வளவும் சொல்லாமல் ‘25’ என்று மட்டும் சொல்வது, விலை கேட்டவரிடம் கரன்சியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது போல.

வடிவத்தையே மாற்றிப் பார்ப்போம். அமெரிக்காவில் கியூப் கிடையாது. 150 மி.மீ. விட்டம், 300 மி.மீ. உயரத்தில் உருளை வார்க்கிறார்கள். அடுக்குக்கு 25 குத்து. அதே கலவையில் கியூபும் உருளையும் வார்த்து உடைத்தால் உருளை குறைவான எண்ணையே காட்டும். கலவை கெட்டுவிடவில்லை. இயந்திரத்தின் இரும்புத் தட்டுகள் கான்கிரீட்டின் மேல்முகத்தையும் கீழ்முகத்தையும் உராய்வால் பிடித்துக்கொள்கின்றன, பக்கவாட்டில் பிதுங்க விடுவதில்லை. குட்டையான கியூபில் அந்தப் பிடி முழு உயரத்துக்கும் உதவும். நெட்டையான உருளையின் நடுப்பகுதிக்கு அது எட்டாது. ஐரோப்பியத் தரநிலை இந்தத் தலைவலியைப் பெயரிலேயே தீர்த்துக்கொண்டது. அங்கே ஒரு கான்கிரீட்டின் பெயர் சி25/30. உருளையில் அளந்தால் 25, கியூபில் அளந்தால் 30. ஒரே கான்கிரீட், இரண்டு எண், இரண்டும் உண்மை. நான் பார்த்ததில் இவ்வளவு நேர்மையான பெயர் வேறில்லை.

அதோடு, 25 என்பது ‘எல்லாக் கியூபும் 25க்கு மேல்’ என்ற வாக்குறுதியும் இல்லை. நூறு சோதனை செய்தால் ஐந்துக்கு மேல் 25க்குக் கீழே போகக் கூடாது என்ற எதிர்பார்ப்பு அது. கான்கிரீட் ஏறி இறங்கும் பொருள் என்பது தரநிலை எழுதியவர்களுக்குத் தெரியும். அதனால் கலவை வடிவமைக்கும்போதே 25ஐக் குறிவைப்பதில்லை. ஏற்ற இறக்கத்துக்கு இடம்விட்டு, வழக்கமாக 31, 32 அளவுக்கு மேலே குறிவைக்கிறார்கள். ஒரு சோதனையில் 24 வந்ததும் தளத்தில் குரல் உயர்வதைப் பார்க்கலாம். ‘ஃபெயில்!’ என்பார் ஒருவர். தரநிலையைப் பிரித்துப் பார்த்தால், தனி முடிவு சற்றுக் கீழே இருக்கலாம், ஆனால் தொடர்ச்சியான சில முடிவுகளின் சராசரி 25க்கு நன்றாக மேலே இருக்க வேண்டும் என்று இருக்கும். சண்டைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

இயந்திரத்துக்கு யார் சொன்னது?

562.5 என்று இயந்திரம் காட்டியது. அது 562.5தான் என்று இயந்திரத்துக்கு யார் சொன்னது?

இயந்திரத்தின் பக்கத்தில் கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும்: எந்தத் தேதியில் சரிபார்த்தார்கள், அடுத்து எப்போது. சரிபார்க்க வந்தவர் தன்னோடு ஒரு விசை அளவியைக் கொண்டுவந்திருப்பார். அந்த அளவியை அதைவிடத் துல்லியமான ஆய்வகம் ஒன்று சரிபார்த்திருக்கும். அந்த ஆய்வகத்தின் கருவி, நாட்டின் தேசிய அளவியல் ஆய்வகம் வரை போகும். அங்கே இயந்திரம் கிட்டத்தட்ட எதுவும் கிடையாது. எடை தெரிந்த பெரிய உலோகக் கட்டிகளைத் தொங்கவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் விசை என்பது நிறையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வருவது. அந்த முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780 மீ/வி², துருவத்தில் 9.832 மீ/வி², இரண்டுக்கும் இடையே அரை சதவீத வித்தியாசம். ஆகவே அந்த ஆய்வகம் தன் தரையின் புவியீர்ப்பையே அளந்து வைத்திருக்கும்.

கட்டியின் நிறை? அதன் சங்கிலி 2019 வரை பாரிஸ் அருகே செவ்ரில் பூட்டிவைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளையில் போய் முடிந்தது. உயரமும் விட்டமும் 39 மி.மீ. கிலோகிராம் என்றால் அந்த உருளை, வேறு விளக்கம் இல்லை. அதன் பிரதிகளோடு அவ்வப்போது ஒப்பிட்டபோது, நூறு ஆண்டுகளில் சுமார் 50 மைக்ரோகிராம் விலகல் தெரிந்தது. உருளை இளைத்ததா, பிரதிகள் பருத்தனவா என்று கேட்கவே வழியில்லை, உருளைதானே கிலோ! 2019 மே 20 முதல் கிலோகிராமை, பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணின் மதிப்பை வைத்து வரையறுக்கிறார்கள். அந்தத் தேதியை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தார்கள். 1875ல் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் ஒரு மே 20ல்தான்.

நீளத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஒரு மீட்டர் எஃகுத் தண்டு 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.115 மி.மீ. நீளும். தச்சருக்கு அது ஒன்றுமில்லை, பேரிங் செய்பவருக்கு அது பெரிய பள்ளம். அப்படியானால் வரைபடத்தில் எழுதிய அளவு எந்த வெப்பத்தில்? 20 டிகிரி செல்சியஸில். சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் வரிசையில் எண் 1 பெற்றிருக்கும் ஆவணம் இதைத்தான் சொல்கிறது. முதலாவதாக எதை எழுதுவது என்று யோசித்தவர்கள் இதை எழுதியதில் எனக்கு ஒரு தனி மரியாதை.

ஏன் நாட்டுக்கு நாடு?

எல்லாவற்றையும் உலகத்துக்கே ஒன்றாக எழுதிவிடலாமே என்று தோன்றும். மரை, தாள், கன்டெய்னர் போன்ற நடமாடும் பொருள்களில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 1947ல் தொடங்கியது. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையும், சர்வதேசத் தரநிலை இருந்தால் நாடுகள் தங்கள் விதிகளுக்கு அதை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்கிறது. ஒரு தரநிலையின் அட்டையில் பி.எஸ். இ.என். ஐ.எஸ்.ஓ. என்று வரிசையாக இருந்தால், சர்வதேச ஆவணம் ஒன்றை ஐரோப்பா ஏற்று, அதை பிரிட்டன் ஏற்றிருக்கிறது என்று பொருள்.

கட்டடம் நடமாடாது. அது நிற்கும் மண்ணும் காற்றும் பனியும் நிலநடுக்கமும் அந்தந்த இடத்துக்கு உரியவை. கியூபை 27 டிகிரித் தண்ணீரில் போடு என்று இந்தியா சொல்வதும், 20 என்று ஐரோப்பா சொல்வதும் அவரவர் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடிதான். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரிந்து, உள்ளே வேறாக இருப்பவைதான் ஆபத்தானவை. காற்றின் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரநிலையில் ஓர் ஊருக்கு விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றிருந்தால் அது மூன்று விநாடி வீசும் திடீர் வீச்சின் வேகம். ஐரோப்பியத் தரநிலையில் அதே சொல் பத்து நிமிடச் சராசரியைக் குறிக்கும். சராசரியை எடுத்துத் திடீர் வீச்சுக்கான சூத்திரத்தில் போட்டால், கூரை தாங்க வேண்டிய விசையைவிடக் குறைவாகவே விடை வரும். கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. கம்பியிலும் இப்படி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ‘கிரேடு 60’ கம்பியில் 60 என்பது சதுர இஞ்சுக்கு 60 ஆயிரம் பவுண்டு என்ற கணக்கு. மெட்ரிக்கில் அது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 420 நியூட்டன். அதை 500 என்ற கிரேடோடு ஒப்பிடும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டமா, இல்லையா?

இது புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம். தரநிலை தானாகச் சட்டமாகாது. யாரும் வாங்கிப் பின்பற்றலாம், பின்பற்றாமலும் இருக்கலாம். ஒப்பந்தத்தில் அதன் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டால் கட்டுப்படுத்தும். அரசு ஒரு விதியில் அதைக் குறிப்பிட்டாலும் கட்டுப்படுத்தும். அப்போதும் உள்ளே இருக்கும் எல்லா வாக்கியத்துக்கும் ஒரே எடை கிடையாது. ஆங்கிலத் தரநிலைகளில் ‘ஷல்’ என்றிருந்தால் செய்தே ஆக வேண்டும். ‘ஷுட்’ என்றால் செய்வது நல்லது. ‘மே’ என்றால் அனுமதி. தமிழில் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல் முதல் இரண்டுக்கும் புழங்குவதால், வாய்மொழியாக விளக்கும்போது பரிந்துரை கட்டளையாகிவிடும், கட்டளை பரிந்துரையாகிவிடும். பின்னிணைப்புகளிலும் கட்டுப்படுத்துபவை, தகவலுக்கு மட்டும் தருபவை என இரு வகை உண்டு.

எண்ணுக்குப் பின்னால் வரும் ஆண்டையும் விட்டுவிடக் கூடாது. இந்தியாவின் கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456: 2000 என்றால் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, அதற்குப் பிறகு வந்த திருத்தத் தாள்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆண்டு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். 1978ல் மியாகி நிலநடுக்கத்துக்குப் பின், 1981 ஜூனில் கட்டட விதிகளின் நிலநடுக்கப் பகுதியை அவர்கள் கடுமையாக்கினார்கள். 1995ல் கோபேயில் நிலம் குலுங்கியபோது, பழைய விதிப்படி கட்டியவை மோசமாகச் சேதமடைந்தன. புதிய விதிப்படி கட்டியவை அவற்றைவிட நன்றாகத் தாங்கின. இன்றும் அங்கே பழைய வீடு வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 1981க்கு முன்பா பின்பா என்பது.

கடைசியாக அடிக்கணக்கு. 1959ல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சில கூடி, ஓர் அடி என்றால் மிகச் சரியாக 0.3048 மீட்டர் என்று முடிவு செய்தன. அமெரிக்க நில அளவையாளர்களிடம் ஏற்கெனவே ஓர் அடி இருந்தது: ஒரு மீட்டரின் 3937ல் 1200 பங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. பழைய அளவைகளைக் கலைக்க வேண்டாமே என்று அதையும் விட்டுவைத்தார்கள். ஒரு மனையை அளக்க இது பொருட்டே இல்லை. ஆனால் ஒரு மாநிலம் முழுவதற்குமான ஆயத்தொலைவுகள் 20 லட்சம் அடி என்ற கணக்கில் ஓடும். அங்கே இரண்டு அடிகளும் கலந்தால் புள்ளி நான்கு அடி தள்ளி விழும். பாலத்தின் தூண் ஓர் இடத்தில், அதற்குத் தோண்டிய குழி இன்னோர் இடத்தில். 63 ஆண்டுகள் இரண்டு அடிகளோடும் வாழ்ந்துவிட்டு, 2022 டிசம்பர் 31ஆம் தேதி அந்த நில அளவை அடியை அதிகாரபூர்வமாக ஓய்வுபெறச் செய்தார்கள். பழைய வரைபடங்கள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றை விரிப்பவர், எந்த அடி என்று ஓரத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று முதலில் தேட வேண்டியிருக்கிறது.